தலைவரம்மாவின் கைப்பையில் இருக்க வேண்டிய நோட்டு

முதல் மிரட்டல் பெரும்பாலும் மரியாதையாகத்தான் வரும். பதவியேற்ற மறுநாளே ஊராட்சி அலுவலகத்துக்கு ஒருவர் வருவார். "தலைவரம்மா, பீரோ சாவி எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க வீட்டு வேலையப் பாருங்க, கையெழுத்து வேணும்னா நானே பேப்பரைக் கொண்டாந்துர்றேன்" என்பார். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. பின்னால் வரும் தொல்லைகளில் பாதி அந்தச் சாவியிலிருந்துதான் கிளம்பும்.

மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 420 கிராம ஊராட்சிகள். 1994 ஊராட்சிகள் சட்டம் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2016 திருத்தம் அதைப் பாதியாக்கியது. அந்தப் பாதி நம் கிராமங்களில் நடைமுறைக்கு வந்தது 2019 டிசம்பர் தேர்தலில்தான். அதில் ஜெயித்தவர்கள் 2020 ஜனவரி 6-ல் பொறுப்பேற்று 2025 ஜனவரி 5-ல் இறங்கினார்கள், அதன்பின் தனி அலுவலர்கள் வந்தார்கள். மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அடுத்த முறை மனுத்தாக்கல் செய்ய யோசிக்கும் பெண்களுக்கும், இப்போது கவுன்சிலராக இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம். தைரியம் சொல்வதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். எந்தப் பேப்பரை எங்கே வைப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

காசு இருக்கிற இடம்

பெண் என்பதால் மிரட்டுகிறார்கள் என்பது பாதி உண்மை. பெண் என்பதால் எப்படி மிரட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். எதற்கு மிரட்டுவது என்பதைக் காசுதான் முடிவு செய்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. வில்லாபுரத்தில் கவுன்சிலராக இருந்த லீலாவதி 1997 ஏப்ரல் 23-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் போராடியது குழாயில் குடிநீர் வர வேண்டும் என்பதற்காக. குழாயில் தண்ணீர் வந்தால் தண்ணீர் விற்கிறவருக்கு நஷ்டம். அதே வருடம் ஜூன் 30-ல் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பஸ்ஸை மறித்துக் கொல்லப்பட்டார்கள். அங்கே பிரச்சினை, அந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்பது. பத்து வாரத்துக்குள் நடந்த இந்த இரண்டும், மிரட்டலை வெறும் பேச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நம் மாவட்டத்துக் கணக்கு.

அதனால் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் ஊராட்சியில் காசு எங்கெல்லாம் புரளுகிறது என்று எழுதுங்கள். கண்மாய் மீன் ஏலம், கருவேல மரம் வெட்டும் ஏலம், சவுடு மண், பக்கத்தில் குவாரி இருந்தால் அதன் வண்டிப் பாதை, புது மனைப்பிரிவுகள், குடிநீர் இணைப்புக்கு வாங்கும் டெபாசிட். இவை பெரியவை, எல்லாருக்கும் தெரியும். யாரும் பார்க்காதது சின்னச் சின்ன பில்கள்: மோட்டார் காயில் கட்டிய பில், தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், குழாய் உடைப்புச் சரிசெய்த கூலி. ஒரே மோட்டாருக்கு வருடத்தில் ஐந்து தடவை காயில் கட்டியதாக பில் வந்து, "மோட்டாரைக் காட்டுங்க" என்று நீங்கள் கேட்ட அன்று மாலைதான் முதல் போன் வரும். குவாரியைப் பற்றி நீங்கள் வாயே திறந்திருக்க மாட்டீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் நேரே ஏல மாதம், பில் பாஸாகும் வாரம், அதனால் லாபம் பார்க்கும் ஆள் என்று மூன்று விவரம் எழுதி வையுங்கள். மிரட்டலுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. ஏலத்துக்கு முந்தின வாரம், கிராம சபைக்கு முந்தின இரண்டு நாள், ஆடிட் முடிந்த மறுநாள். அந்த நாட்களில் இருட்டிய பின் தனியாகப் போவதைத் தவிர்த்தாலே ஆபத்து பாதி குறையும்.

சாவி, டோக்கன், கையெழுத்து

பொறுப்பு வாங்கும்போது பதிவேடுகள், பாஸ்புக்குகள், காசோலைப் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள், ஊராட்சி முத்திரை, பீரோ சாவி எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்து வாங்குங்கள். பயன்படுத்தாத காசோலைகளை எண்ணி, முதல் எண்ணும் கடைசி எண்ணும் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகமும் அப்படித்தான். "நம்ம கிளார்க்குதானே" என்று விட்ட இடத்தில்தான் பழைய ரசீதில் புதுத் தொகை ஏறும்.

கிராம ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது 1994 சட்டத்தின் 188-வது பிரிவு. இணையவழிப் பணம் வந்த பிறகு டிஜிட்டல் கையொப்பம், அதாவது பென் டிரைவ் மாதிரி இருக்கும் டிஎஸ்சி டோக்கன், அதோடு சேர்ந்துகொண்டது. டோக்கனும் அதன் பின் நம்பரும் செயலரிடமோ வீட்டுக்காரரிடமோ இருந்தால், நீங்கள் அடுப்படியில் இருக்கும்போதே ஊராட்சிப் பணம் உங்கள் கையெழுத்தில் போய்க்கொண்டிருக்கும். டோக்கன் உங்கள் கைப்பையில். பின் நம்பர் உங்கள் மனதில். எந்தத் தேதியில் எந்த பில்லுக்கு டோக்கனைச் செருகினீர்கள் என்று ஒரு வரி நோட்டில்.

வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். தணிக்கையில் தடை எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். அந்த வெற்றுத் தாளை வைத்திருப்பவர் இரண்டு வருடம் கழித்து, "நாங்க சொன்னபடி ஏலத்தை விடலைன்னா இந்த பில்லு கலெக்டர் ஆபீசுக்குப் போகும், உள்ள போகப்போறது நீதான்" என்பார். பெண் தலைவர்களுக்கு வரும் மிரட்டல்களில் அவர்கள் வாயை முழுதாக அடைத்துவிடுவது இந்த வகைதான். அரிவாளைக் காட்டினால் போலீசுக்குப் போகலாம். சொந்தக் கையெழுத்தைக் காட்டினால் எங்கே போவது? ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், இன்றே வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி), அதாவது பிடிஓவுக்கு, ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன காலத்தில், இன்னாரின் பேச்சை நம்பி, இன்ன எண்ணுள்ள காசோலைகளில் கையெழுத்திட்டேன், அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும் என்று. வங்கிக்கும் ஒரு நகல். தப்பை முதலில் நீங்களே எழுத்தில் சொல்லிவிட்டால், அதை வைத்து மிரட்டுகிறவரின் பிடி தளரும்.

துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுப்பது இன்னொரு ரகம். யாரும் கையை ஓங்க மாட்டார்கள். தொட்டி ஆபரேட்டருக்கும் தூய்மைக் காவலர்களுக்கும் சம்பளம் நிற்கும். மூன்றாம் வாரம் அவர்களே உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். "தலைவரம்மாதான் சம்பளம் தரல" என்று ஊரில் பேச்சாகும். முதல் வாரமே சம்பளப் பட்டியலோடு துணைத் தலைவருக்குக் கடிதம் கொடுத்து, ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபால் (2025-லிருந்து அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது). அதன் நகலை வைத்து பிடிஓவுக்கும், ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும் எழுதுங்கள். நகலை அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். யார் நிறுத்தினார்கள் என்று பணியாளர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த நோட்டு

வரும் மிரட்டலை எல்லாம் எழுதி வைக்க, 200 பக்கக் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. ஸ்பைரல் வேண்டாம், தாள் கிழித்தால் தெரியாது. முதல் வேலையாக எல்லாப் பக்கத்துக்கும் கையால் எண் போடுங்கள். பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை தடவக் கூடாது. இரண்டு பதிவுக்கு நடுவில் இடம் விடாதீர்கள்.

தேதி, மணி, இடம், வந்தவர், சொன்ன வார்த்தை, கேட்டவர்கள், அன்று உங்கள் கையில் இருந்த கோப்பு. இந்த ஏழும் போதும். கடைசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். மிரட்டியவர் "குடும்பத் தகராறு", "வாய்த் தகராறு" என்றுதான் ஸ்டேஷனில் சொல்வார். நான்கு தடவை அவர் வந்த நாளிலும் அதே கண்மாய் ஏலக் கோப்பு உங்கள் மேசையில் இருந்தது என்று நோட்டு காட்டினால், அந்தப் பேச்சு எடுபடாது.

அன்றன்றைக்கே எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு முறை பக்கங்களைப் போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள். அனுப்பிய தேதி அதில் தானாகப் பதியும், நோட்டு தொலைந்தாலும் விஷயம் தொலையாது. வீட்டுக்காரரிடம் வந்து "உன் பொண்டாட்டிய அடக்கி வையி" என்று சொல்லிப் போனாலும் அது மிரட்டல்தான். அதை அவர் கையாலேயே எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டவர் அவர், சாட்சி அவர்.

போனில் வருவது

அலுவலகத்துக்குத் தனி சிம், உங்கள் பெயரில். பலகையில் அந்த எண் மட்டும். பிள்ளைகள் பள்ளி, சொந்தக்காரர்கள் எல்லாம் பழைய எண்ணில். வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் குடும்பப் படம் வேண்டாம். குழுவில் யார் வேண்டுமானாலும் சேர்க்கும் வசதியை அடைத்து, ஆறு இலக்க இரண்டடுக்குப் பின் நம்பர் போடுங்கள்.

மிரட்டல் அழைப்பு வந்தால் கைபேசியிலேயே பதிவு செய்யலாம். சில போன்களில் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று குரல் வரும், எதிராளி உஷாராகிவிடுவார். அப்போது ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். நீங்களே பேசும் அழைப்பின் பதிவை நீதிமன்றங்கள் சான்றாக ஏற்றிருக்கின்றன. நீங்கள் அதிகம் பேச வேண்டாம். "நீங்க யாரு பேசறது? எந்த பில்லைச் சொல்றீங்க?" என்று கேட்டாலே போதும், பெயரையும் காரணத்தையும் அவரே சொல்லிவிடுவார். பதிலுக்குத் திட்டினீர்களோ, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஊர்க் குழுவில் போடுவார்கள்.

குரல் செய்தி, படம், பதிவு எதையும் அழிக்காதீர்கள், கோபத்தில் பிளாக்கும் செய்யாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சேமித்து வைத்த பெயர் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்புக் குறைவு, எண் முழுதாகத் தெரிய வேண்டும். முகநூல் என்றால் பதிவின் இணைப்பு, போட்டவரின் பக்க இணைப்பு இரண்டையும் நகலெடுத்து வைக்க வேண்டும். பெயரை மாற்றினாலும் இணைப்பை வைத்துத் தேடலாம். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு அசல் கருவி கையில் இருப்பது நல்லது. புதுப் போன் வாங்கும் ஆசையில் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பழைய போனை அணைத்து, துணியில் சுற்றி, பீரோவில் வையுங்கள்.

மார்ஃபிங் செய்த படம் வந்தால் ஆதரவு கேட்டுக்கூட அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் கொடுங்கள்: நிர்வாணப் படம், ஒட்டி உருவாக்கிய படம் என்றால் குறித்த சில மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. கூடவே தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார், மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனில் எழுத்துப் புகார். 1930 என்ற எண்ணைப் பலரும் சொல்வார்கள். அது முக்கியமாகப் பண மோசடிக்கானது. உடனடி உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

தெருவில் வழிமறித்தால், பக்கத்துக் கடையில் கேமரா இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். பெரும்பாலான கடைகளில் 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். "போலீஸ் வந்து எடுக்கட்டும்" என்று காத்திருந்தால் வெறும் பெட்டிதான் மிஞ்சும். கேமரா இருக்கும் கடையின் பெயரைப் புகாரிலேயே எழுதி, பதிவைக் கைப்பற்றும்படி கேட்டுவிடுங்கள்.

"தகாத வார்த்தைகளால்"

நம் பக்கத்து ஸ்டேஷன்களில் பெண்கள் கொடுக்கும் புகார்களில் ஒரு வாக்கியம் அச்சடித்தது போல வரும்: "மேற்படி நபர் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார்." எழுதிக் கொடுப்பவர் எழுத்தரோ ஸ்டேஷன் வாசல் ஆளோ, வாக்கியம் ஒன்றுதான். புகாரைச் சாகடிக்கும் வாக்கியமும் இதுதான். ஆபாசமாகத் திட்டியதற்கும் பெண்ணின் மானத்தை அவமதித்ததற்கும் சொன்ன வார்த்தை என்ன என்று நீதிமன்றம் கேட்கும். வார்த்தை இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கை ரத்து செய்யக் கேட்டு ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போவார், பல நேரம் ஜெயித்தும் வருவார். அந்த வார்த்தையை எழுதக் கை கூசும். சொன்னவருக்குக் கூசவில்லை. நம்பகமான ஒரு பெண்ணை எழுதச் சொல்லிக் கையெழுத்து மட்டும் போடுங்கள், ஆனால் அந்த வார்த்தை காகிதத்தில் இருக்க வேண்டும்.

புகார் இப்படி இருக்கட்டும்:

"இன்ன தேதி காலை 10.40 மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் தெருவிளக்கு பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இன்னார் உள்ளே வந்து, மேசையில் இருந்த பில் புத்தகத்தைத் தட்டிவிட்டு, 'பில்லுல கையெழுத்துப் போடலைன்னா நீ வண்டியில போற ரோட்டுலயே லாரிய ஏத்திருவேன்' என்று சொன்னார். பிறகு '—' என்ற வார்த்தையைச் சொன்னார். தொட்டி இயக்குபவரும், வீட்டுவரி கட்ட வந்த இரண்டு பெண்களும் கேட்டார்கள். அன்றிலிருந்து பயத்தால் நான் ஒன்றியக் கூட்டத்துக்குத் தனியாகப் போகவில்லை."

கடைசி வரியைக் கவனியுங்கள். மிரட்டல் குற்றத்துக்குப் பயமுறுத்தும் நோக்கம் வேண்டும். பயந்ததும், பயத்தால் மாற்றிக்கொண்டதும் அதற்குச் சான்று. வீராப்பாக "இதற்கெல்லாம் நான் அஞ்சமாட்டேன்" என்று எழுதினால் மேடைக்கு நன்றாக இருக்கும், வழக்குக்கு ஆகாது.

2024 ஜூலை 1-லிருந்து பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாதான் நடைமுறை. பழைய பிரிவு எண்களைச் சொல்லி உங்களைக் குழப்ப விடாதீர்கள். மிரட்டல் 351, கொலை மிரட்டல் என்றாலும், பெண்ணின் கற்பைப் பற்றி அவதூறு சொல்வேன் என்று மிரட்டினாலும் அதில் உட்பிரிவு 3, ஏழு ஆண்டு வரை. மொட்டைக் கடிதமோ பேர் தெரியாத போனோ என்றால் உட்பிரிவு 4. சொல், சைகையால் மானத்தை அவமதித்தல் 79. பின்தொடர்தல் 78. கையைப் பிடித்தல், சேலையை இழுத்தல் எல்லாம் 74-க்கும் 76-க்கும் போகும். பொது ஊழியரைப் பணி செய்ய விடாமல் தாக்குவது 132. எண்களை ஸ்டேஷனில் ஒப்பிக்க வேண்டாம். நடந்ததை முழுதாக எழுதினால் பிரிவு தானாக வந்து சேரும், "அலுவலகத்தில் பணியில் இருந்தபோது" என்ற சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். 74 முதல் 79 வரை உள்ள குற்றங்களுக்குப் பெண் போலீஸோ வேறு பெண் அதிகாரியோதான் வாக்குமூலம் பதிய வேண்டும்.

மூன்று பிரதி. ஒன்றில் ஸ்டேஷன் முத்திரை, தேதி, பெற்றவர் கையெழுத்து. அவர்கள் கொடுக்கும் சிஎஸ்ஆர் வெறும் மனு ரசீது, எஃப்ஐஆர் வேறு. எஃப்ஐஆர் போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் புறநகரில் எஸ்பிக்கு, மாநகரில் கமிஷனருக்குப் பதிவுத் தபால். அதற்கும் அசைவில்லை என்றால் அந்த ஒப்புதல் அட்டையோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. அட்டை இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே அந்தச் சின்ன அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைய அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி 15100.

அடி விழுந்திருந்தால் ஸ்டேஷனுக்கு முன்னால் ஜிஎச். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏஆர் காப்பியில், யார் எதனால் அடித்தார் என்று நீங்கள் சொன்னபடி எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எதிர்த்தரப்பும் அன்றே ஒருவரைக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்து எதிர்ப் புகார் கொடுக்கும். எந்த ஏஆர் முந்தின மணி என்று பிறகு பார்ப்பார்கள்.

பட்டியலினப் பெண் தலைவர் என்றால்

இவர்களுக்கு வருவது இரட்டைச் சுமை. கூட்டத்தில் தரையில் உட்கார வைத்ததும், சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடாததும் 2020-ல் கடலூர், திருவள்ளூர் மாவட்டங்களில் வெளியே வந்தன. வெளியே வராதவைதான் அதிகம் என்பது நாற்காலி எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும். அலுவலகத்தில் எத்தனை நாற்காலி, எது தலைவருடையது, பெயர்ப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்று முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: 3(1)(எம்). ஊராட்சியிலோ நகராட்சியிலோ உறுப்பினராக, தலைவராக இருக்கும் பட்டியலினத்தவரைப் பணி செய்ய விடாமல் வற்புறுத்துவது, மிரட்டுவது, தடுப்பது. ஸ்டேஷனில் பழக்கத்தில் சாதி சொல்லித் திட்டிய (ஆர்), (எஸ்) உட்பிரிவுகளை மட்டும் எழுதிவிடுவார்கள். அவற்றுக்குப் பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் யாரும் இல்லாத நேரம் திட்டினால் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. (எம்) பிரிவில் அந்தப் பார்வை நிபந்தனையே இல்லை. அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனதும், தீர்மானப் புத்தகத்தைத் தராததும், நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டதும் இதில் வரும். "3(1)(எம்) பிரிவின் கீழும் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று புகாரிலேயே எழுதுங்கள். பிரிவு எண்ணை நீங்களே எழுத வேண்டிய ஒரே இடம் இதுதான். சாதிச் சான்றிதழ் நகலை இணையுங்கள். விசாரிப்பவர் டிஎஸ்பி, 18ஏ பிரிவுப்படி எஃப்ஐஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை, முன்ஜாமீன் கிடையாது. "விசாரிச்சுட்டுப் போடுறோம்" என்றால் 18ஏ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

கூட்டமும் 205-ம்

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் குறைவெண் வரம்பு. ரகளை செய்பவரின் கணக்கு எளியது: கத்தினால் பெண்கள் எழுந்து போவார்கள், வருகை குறையும், கூட்டம் செல்லாது. ஆகவே வருகைக் கையெழுத்தைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். வரவு செலவைக் கடைசிக்குத் தள்ளாமல் முதலில் வாசியுங்கள். மைக்கை உங்கள் பக்கத்தில் இருக்கும் பெண் பிடித்திருக்கட்டும். மகளிர் குழுக்காரர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பாதுகாப்பு கேட்டு இன்ஸ்பெக்டருக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். கூட்டம் கலைந்தால் யாரால், எத்தனை மணிக்கு என்று தீர்மானப் புத்தகத்தில் அங்கேயே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் மறுநாள் மனசுதான் அதில் இருக்கும்.

"மூணுல ரெண்டு பங்கு கையெழுத்து வாங்கிட்டோம், நாளைக்கே உன்னை இறக்கிடுவோம்" என்பது வார்டு உறுப்பினர்களின் வழக்கமான பயமுறுத்தல். 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவில் அந்தக் கையெழுத்து ஒரு புகார் மட்டுமே. ஆட்சியர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார், விளக்கம் திருப்தி இல்லை என்றால் வட்டாட்சியர் கூட்டம் போட்டு ஊராட்சி மன்றத்தின் கருத்தைக் கேட்பார், முடிவு ஆட்சியருடையது. குறித்த தேதிக்குள் பதில் போகாததுதான் இங்கே பெரிய ஓட்டை. நோட்டீஸைச் செயலரோ, அவசரத்தில் வேறு யாரோ வாங்கி இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள். தலைவருக்குத் தெரியும்போது தேதி தாண்டியிருக்கும். உங்கள் ஊர் தபால்காரரிடம் நேரில் சொல்லுங்கள்: "அண்ணே, ரிஜிஸ்டர் தபால் வந்தா என் கையில மட்டும் கொடுங்க, நான் இல்லைன்னா வச்சிருந்து மறுநாள் கொண்டாங்க." பொங்கலுக்கு அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தாலும் தப்பில்லை.

சமாதானம் பேச வருகிறவர்கள்

எஃப்ஐஆர் போட்ட மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். பெரும்பாலும் உங்கள் மாமனார் வழிச் சொந்தத்தைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள், நீங்கள் எதிர்த்துப் பேச முடியாது என்பதற்காக. "ஏத்தா, பொம்பளப் பிள்ள, கோர்ட்டு வாசல் ஏறலாமா? திருவிழா வேற வருது" என்பார்கள். மரியாதையாகக் காபி கொடுங்கள். கையெழுத்து மட்டும் கேட்டால் வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவிடுங்கள். உண்மையிலேயே பேசி முடிக்கலாம் என்று தோன்றினால், அவர் செய்ததை அவரே ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் முதலில் உங்கள் கையில் வரட்டும். "இருவருக்கும் இடையே இருந்த மனத்தாங்கல்" என்று எழுதி வந்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சொல் உங்களையும் பாதிக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது.

வதந்தியும் இதே நேரத்தில்தான் கிளம்பும், பெரும்பாலும் ஓவர்சியரையோ, பில்லுக்காக வண்டியில் கூட வந்த யாரையோ இணைத்து. தள ஆய்வுக்கு எப்போதும் மூன்றாவது ஆளாக ஒரு பெண் பணித்தளப் பொறுப்பாளரை அழைத்துப் போங்கள். இது பாதுகாப்புக்கும் ஆகும், பேச்சுக்கும் ஆகும். ஆண் தலைவருக்கு இந்த யோசனையை யாரும் சொல்வதில்லை என்பது எரிச்சலான விஷயம்தான். எரிச்சலோடேயே செய்யுங்கள்.

பதவி முடியும் வாரம்

கடைசி நாள் அன்று அலுவலகம் திருவிழா மாதிரி இருக்கும். முன் தேதி போட்ட தீர்மானங்களில் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். போன வருடம் நடக்காத வேலைக்கு இன்று பில். பதவி போன பிறகும் வீட்டுக்கு வருவார்கள், அப்போது மிரட்டலும் கொஞ்சம் வெளிப்படையாக இருக்கும், தலைவரம்மா என்ற சொல் போய்விட்டிருக்கும். கடைசி மன்றக் கூட்டம் முடிந்த கையோடு தீர்மானப் புத்தகத்தின் கடைசித் தீர்மானத்துக்குக் கீழே தேதியும் மணியும் எழுதுங்கள். எழுதாமல் விட்ட ஒவ்வொரு பக்கத்திலும், பாதி இடம் விட்ட பக்கங்களிலும் மூலைக்கு மூலை குறுக்குக் கோடு போட்டுச் சுருக்கொப்பமிடுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை போட்டோ எடுங்கள். பயன்படுத்தாத காசோலைகளை மறுபடி எண்ணி, எண்களோடு ஒப்படைப்புப் பட்டியலில் செயலர் கையெழுத்து வாங்குங்கள். டிஎஸ்சி டோக்கனை ரத்து செய்யக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். உங்கள் 200 பக்க நோட்டை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அது ஊராட்சிச் சொத்து அல்ல, வழக்கு முடியும் வரை பழைய போனோடு அதே பீரோவில் இருக்கட்டும்.